குழி தோண்டி ஓடிய காலம்: நூறு மீற்றரின் முதல் பத்து மீற்றர்

1896 ஏப்ரலில் ஏதென்ஸில் எடுத்த ஒரு புகைப்படத்தை நீங்கள் எங்காவது கண்டிருப்பீர்கள். முதலாவது நவீன ஒலிம்பிக்கின் 100 மீற்றர் ஓட்டம் தொடங்கப் போகிறது. கோட்டில் நிற்கிற ஆக்களில் ஒருவர் நிற்கிற மாதிரி மற்றவர் இல்லை. ஒருவர் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கிறார், இன்னொருவர் இடுப்பை மட்டும் மடித்துச் சாய்கிறார். ஒரே ஒருவர் இரண்டு கைகளையும் நிலத்தில் ஊன்றி, முதுகைத் தாழ்த்தி, பூனை பாயப் பதுங்குகிற மாதிரி இருக்கிறார். அவர் அமெரிக்காவின் பொஸ்டனிலிருந்து வந்த தொமஸ் பேர்க். இறுதிப் போட்டியை 12.0 செக்கனில் வென்றதும் அவர்தான்.

இன்றைக்கு எங்கட பக்கத்து உயர்தர வகுப்புப் பெடியன் ஒருவன் அந்த நேரத்தில் ஓடினால் ஆரும் பெரிதாக வியக்க மாட்டார்கள். ஆகவே நேரத்தை விடுவோம். எங்களை நிறுத்தியது அந்த நிற்கிற விதம். ஒரே கோட்டில் ஆளுக்கொரு விதமாக நிற்கிறார்கள் என்றால், ஓட்டத்தை எப்படித் தொடங்குவது என்று உலகம் அப்போது இன்னும் முடிவெடுக்கவில்லை. 'ஓடத் தெரிஞ்சவன் ஓடுவான், அது பிறவியில வாறது' எண்டு மைதானத்தோரம் நிண்டு சொல்லுறது லேசு. ஆனால் நூறு மீற்றரின் முதல் பத்து மீற்றர் பிறவியில் வந்ததில்லை. அதை யாரோ கண்டுபிடித்தார்கள், யாரோ தடை செய்தார்கள், வேறு யாரோ பெயர் வாங்கினார்கள்.

முதலில் குந்துவதில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். சேற்றில் புதைந்த ஓட்டோவைத் தள்ளுகிற ஆளை நினைத்துப் பாருங்கள். அவர் நிமிர்ந்து நின்று தள்ள மாட்டார். உடம்பை முன்னால் சாய்த்து, முழங்காலை மடித்து, நிலத்தைப் பின்பக்கமாக உதைப்பார். நிமிர்ந்து நிற்கிறவரின் பாரம் பாதத்துக்கு நேர் மேலே இருக்கிறது. அவர் முன்னால் போக வேண்டுமென்றால் முதலில் முன்னால் விழ வேண்டும், அதற்கே கொஞ்ச நேரம் போகும். கையை ஊன்றிக் குந்தியிருப்பவர் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கிறார், கை மட்டும்தான் அவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. கையை எடுத்ததும் மடித்து வைத்த கால்கள் உடம்பை மேலே தூக்காமல் முன்னால் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பத்தாம் வகுப்பில் படித்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

சரி, முதலில் குந்தியது ஆர்?

விளையாட்டு வரலாற்று நூல்கள் பொதுவாகத் தரும் பதில் சார்ள்ஸ் ஷெரில். யேல் பல்கலைக்கழக மாணவர். மைக் மேர்பி என்ற புகழ்பெற்ற பயிற்றுவிப்பாளரிடம் பழகியவர். 1888 மே 12 அன்று, நியூயோர்க்குக்குப் பக்கத்தில் லோங் ஐலண்டின் சீடர்ஹேர்ஸ்டில் நடந்த போட்டியில் அவர் கையை ஊன்றிக் குந்தினார். சனம் சிரித்தது என்றும், இந்தப் பெடியனுக்குத் தொடங்கவே தெரியவில்லை என்று நினைத்து ஸ்டார்ட்டர் வந்து விளக்கம் கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, படம் இருக்கிறது. படம் இருந்தால் வரலாற்றில் பாதி வேலை முடிந்த மாதிரித்தான்.

படமில்லாத ஆள் ஒருவர் அவுஸ்திரேலியாவில் இருந்தார். பொபி மக்டொனால்ட், மரே ஆற்றங்கரையில் இருக்கும் கம்மெராகுஞ்சா என்ற பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர். 1880களில் பணப் பரிசுக்கு ஓடிய தொழில்முறை ஓட்டக்காரர். ஷெரிலுக்கு முந்திய வருடம், 1887இல், சிட்னியின் கரிங்டன் மைதானத்தில் அவர் குந்தித் தொடங்கினார் என்று அவுஸ்திரேலிய விளையாட்டு வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவர் பேரில் பதிவாகியிருக்கும் காரணம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஸ்டார்ட்டர் ஓட விடும்வரை கோட்டில் நிற்கும்போது குளிர்காற்று வாட்டியதாம், அதிலிருந்து தப்பத்தான் கீழே பதுங்கினாராம். பதுங்கி இருந்தபடி எழும்பி ஓடியபோதுதான், நின்று ஓடுவதை விட இது விரைவாக இருக்கிறது என்று தெரிந்தது. பெரிய கண்டுபிடிப்புகள் பலதும் இப்படித்தான், ஒரு சின்ன அவதியிலிருந்து வருகின்றன.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். ஒரே விடயம் இரண்டு இடத்தில் தோன்றுவது புதுமையில்லை. எங்கட கேள்வி வேறு. ஒருவரின் பெயர் உலகம் முழுக்கப் போனது, மற்றவரின் பெயர் ஒரு நாட்டின் ஆய்வு நூல்களுக்குள் நின்றுவிட்டது. ஏன்? அமெச்சூர் எனப்பட்ட, காசுக்கு ஓடாத கனவான்களின் உலகத்திலிருந்துதான் ஒலிம்பிக் பிறந்தது. அந்த உலகம் தன்னுடைய ஆக்களைப் பதிவு செய்து வைத்துக்கொண்டது. காசுக்கு ஓடியவர்கள் அந்த வம்சாவளிக்கு வெளியே. அதிலும் மக்டொனால்ட் போன்றவர்களுக்கு இரண்டு வேலி. அந்தக் காலத்து அவுஸ்திரேலியப் போட்டி நிரல்களில் பழங்குடி ஓட்டக்காரர்களின் பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் பழங்குடி என்று காட்டுகிற ஒரு எழுத்து அச்சடிக்கப்பட்டிருக்கும். ஓடுகிறவரின் காலைப் பார்க்க முதல் தோலைப் பாருங்கள் என்கிற மாதிரி.

இந்த இரண்டு பேரின் கதையும் இதோடு முடியவில்லை. இனி வருவதுதான் இதை எழுதத் தூண்டியது.

ஷெரில் பிறகு பெரிய மனிதர் ஆனார். ஆர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் அமெரிக்கத் தூதுவர், சர்வதேச ஒலிம்பிக் குழுவின் உறுப்பினர். 1936 பேர்ளின் ஒலிம்பிக்கை அமெரிக்கா பகிஷ்கரிக்க வேண்டும் என்று குரல்கள் எழுந்தபோது, போகத்தான் வேண்டும் என்று நின்றவர்களில் முக்கியமானவர். 1935இல் ஹிட்லரை நேரில் சந்தித்துவிட்டு வந்து அவரைப் புகழ்ந்தார். ஜேர்மனியில் யூதர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பது தன்னுடைய கவலை இல்லை, அமெரிக்கத் தெற்கில் நடக்கும் லிஞ்சிங் படுகொலைகள் எப்படித் தன் கவலை இல்லையோ அப்படித்தான் இதுவும் என்ற பொருளில் அவர் பேசியது பதிவில் இருக்கிறது. ஒரே வசனத்தில் இரண்டு மக்களைக் கைவிட முடிந்த மனிதர். பேர்ளின் விளையாட்டுகளைப் பார்க்க அவர் இருக்கவில்லை, 1936 யூனில் இறந்துபோனார்.

கம்மெராகுஞ்சா பக்கத்தில் என்ன நடந்தது? அங்கே பல காலம் பள்ளிக்கூடம் நடத்தியவர் தோமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ், மொரிஷியசில் பிறந்த இந்திய வம்சாவளி ஆசிரியர். அவருடைய உறவினரும் அதே சமூகத்தின் மூத்தவருமான வில்லியம் கூப்பர், பழங்குடி மக்களின் உரிமைக்காக மனு மேல் மனு எழுதியவர். ஜேர்மனியில் யூதர்களின் வீடுகளும் தொழுகை இடங்களும் உடைக்கப்பட்ட செய்தி வந்தபோது, 1938 டிசம்பர் 6 அன்று ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு மெல்பேர்னில் இருந்த ஜேர்மன் துணைத் தூதரகத்துக்கு நடந்தே போய் எதிர்ப்பு மனு கொடுக்க முயன்றார். உள்ளே விடவில்லை. தங்களுக்கே குடியுரிமை சரியாக இல்லாத மக்கள், எங்கேயோ இருந்த இன்னொரு மக்களுக்காகப் படியேறினார்கள். கூப்பரின் மகன் லிஞ்ச் கூப்பர் ஒரு ஓட்டக்காரர், 1928இல் அவுஸ்திரேலியாவின் பேர்போன பணப் பரிசு ஓட்டமான ஸ்டோல் கிஃப்டை வென்றவர். மக்டொனால்ட் விட்டுப் போன ஓட்டம் அந்தச் சமூகத்தில் தொடர்ந்துகொண்டுதான் இருந்தது.

கிரவுச் ஸ்டார்ட்டை முதலில் ஆர் செய்தார் என்ற கேள்விக்கு இதெல்லாம் விடையாகாது, தெரியும். ஆனால் ஒரு பெயரை மட்டும் பாடமாக்கிக்கொண்டு போகிறபோது கூடவே எதையெல்லாம் விட்டுவிட்டுப் போகிறோம் என்பது விளங்கும்.

பேர்ளினில் ஜெஸி ஓவன்ஸ் 100 மீற்றரை 10.3 செக்கனில் வென்றார். அந்த ஓட்டத்துக்கு முதல் அவர் கையில் ஒரு சின்னக் கரண்டி இருந்தது, தோட்டத்தில் கன்று நட மண் கிளறுவோமே, அந்த மாதிரி. அப்போதைய ஓடுபாதை எரிந்த கரிச்சாம்பல் போட்டு இறுக்கியது. குந்தித் தொடங்க வேண்டுமென்றால் பாதம் வைத்து உதைக்க ஏதாவது வேண்டும், ஆகவே ஒவ்வொருவரும் தன் பாதைக்குள் இரண்டு குழி தோண்டிக்கொள்வார்கள். முன்கால் குழி, பின்கால் குழி. குழியின் பின்சுவர் செங்குத்தாக இருக்க வேண்டும், மண் உதிர்ந்தால் கால் வழுக்கும். முதல் சுற்றில் ஓடியவர் தோண்டிய குழி இரண்டாம் சுற்றில் ஓடுகிறவருக்கு இடைஞ்சல். ஒரு நாள் போட்டி முடிய ஓடுபாதையின் தொடக்கப் பக்கம் எலி கிளறிய வயல் மாதிரி இருக்கும். உலகத்தின் மிக வேகமான மனிதரும் தன் குழியைத் தானே தோண்ட வேண்டிய காலம் அது. (அந்த பேர்ளினில்தான் அமெரிக்க அணியில் இருந்த இரண்டே யூத ஓட்டக்காரர்கள், மார்ட்டி கிளிக்மனும் சாம் ஸ்டோலரும், அஞ்சலோட்டத்திலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக ஓவன்ஸும் ரால்ஃப் மெற்காஃபும் ஓடினார்கள். ஷெரில் தன் கவலை இல்லை என்று சொன்ன விடயம் அமெரிக்க அணியின் அறைக்குள்ளேயே வந்துவிட்டது.)

குழிக்குப் பதில் அப்போதே இருந்தது, ஆனால் விடவில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் பிரெஸ்னஹன் என்ற பயிற்றுவிப்பாளர் 1920களின் கடைசியில் ஸ்டார்ட்டிங் புளொக்கை உருவாக்கிக் காப்புரிமையும் எடுத்தார். அவுஸ்திரேலியாவில் சார்ளி பூத் என்ற ஓட்டக்காரரும் அவருடைய தகப்பனும் 1929இல் மரத்தால் ஒன்று செய்துகொண்டார்கள். (திரும்பவும் அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும், கவனித்தீர்களா?) அதே 1929 யூனில் ஒஹாயோ ஸ்டேட் மாணவர் ஜோர்ஜ் சிம்சன் 100 யாரை 9.4 செக்கனில் ஓடினார். அதுவரை ஆரும் அவ்வளவு வேகமாக ஓடவில்லை. ஆனால் அவர் புளொக் பாவித்தார் என்று சொல்லி அந்தச் சாதனையை உலக சம்மேளனம் ஏற்கவில்லை. புளொக் செயற்கை உதவி என்பது அவர்களின் வாதம். கரண்டியால் தோண்டிய குழி இயற்கையாம், மரக்கட்டை செயற்கையாம்! 1937இல்தான் விதி மாறியது. ஒலிம்பிக்கில் புளொக் வந்தது 1948 லண்டனில். எங்களுக்கு அந்த லண்டன் வேறு காரணத்துக்காக ஞாபகம் இருக்கும். சுதந்திரம் கிடைத்துச் சில மாதங்களில் இலங்கை முதன்முதலாகப் பங்குபற்றிய ஒலிம்பிக் அது, டங்கன் வைற் 400 மீற்றர் தடை தாண்டலை 51.8 செக்கனில் ஓடி வெள்ளி எடுத்தார்.

புளொக் வந்த பிறகு அடுத்த கேள்வி, அதை எங்கே வைப்பது? உடற்கல்விப் பாடத்தில் கிட்டிய, நடுத்தர, நீண்ட என்று மூன்று வகைத் தொடக்கத்தை நாங்கள் மனப்பாடம் செய்தோம். ஏன் மூன்று, எது நல்லது எண்டு ஆரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. இதற்குப் பின்னால் அழகான ஒரு ஆய்வு இருக்கிறது. கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் ஃபிராங்ளின் ஹென்றி என்ற ஆய்வாளர் 1952இல் வெளியிட்டது. இரண்டு பாதத்துக்கும் இடையிலான தூரத்தை 11, 16, 21, 26 அங்குலம் என்று மாற்றி மாற்றி வைத்து, புளொக்கில் விழும் விசையை அளந்தார். அந்தக் காலத்துப் பயிற்றுவிப்பாளர்களில் கன பேருக்கு 11 அங்குலக் கிட்டிய தொடக்கத்தில் நம்பிக்கை. காரணம் கண்ணுக்குத் தெரியும்: அப்படிக் குந்தியவர்தான் முதலில் புளொக்கை விட்டு வெளியே வருகிறார். ஹென்றியின் அளவும் அதையே சொன்னது, வெளியே வருவது அவர்தான் முதல். ஆனால் பத்து யாரில் அவர் பின்னால். ஐம்பது யாரிலும் பின்னால்.

ஏன் என்றால், அவர் விரைவாக வெளியே வந்தது குறைந்த நேரம் தள்ளியதால். தள்ளுகிற நேரம் குறைந்தால் கொண்டு போகிற வேகமும் குறையும். பின்கால் பலமாக உதைத்தாலும் கொஞ்ச நேரம்தான் உதைக்கும், முன்கால்தான் கடைசிவரை நின்று தள்ளும். மொத்த வேகத்தில் பெரிய பங்கு முன்காலுடையது. 16 அங்குலம் அளவிலான நடுத்தர இடைவெளிதான் நல்ல ஓட்டங்களை அதிகமாகவும் மோசமான ஓட்டங்களைக் குறைவாகவும் தந்தது. முதலில் எழும்புகிறவரும் முதலில் போகிறவரும் ஒரே ஆள் இல்லை என்பதைக் கண் சொல்லாது, அளவுகோல் சொன்னது. இன்றைக்கும் புளொக்கை வைக்கும்போது கோட்டிலிருந்து முன்னதற்குத் தன் பாதத்தால் இரண்டு அடி, பின்னதற்கு மூன்று அடி என்று பெரும்பாலானோர் அளந்து தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பிறகு ஆளின் கால் நீளத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் முன்பின் நகர்த்துவார்கள்.

தள்ளுவதுதான் விடயம் என்றால், தள்ளுகிற கால் பலமாக இருக்க வேண்டும். இது இன்றைக்குச் சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை பெரும்பாலான பயிற்றுவிப்பாளர்கள் ஓட்டக்காரரைப் பாரம் தூக்கவே விடவில்லை. பாரம் தூக்கினால் தசை இறுகிப் பூட்டிப்போகும், உடம்பு கட்டையாகும், வேகம் போய்விடும் என்பது அவர்களின் உறுதியான நம்பிக்கை. மருத்துவர்களும் ஆமாம் என்றார்கள். இந்த நம்பிக்கை எங்கட ஊர்களில் இன்னும் செத்துப்போகவில்லை. பெட்டையள் எண்டால் இரண்டு மடங்கு: 'பாரம் தூக்கினா ஆம்பிளை மாதிரி வந்திடுவாய்' என்று சொல்லிக் கெட்டித்தனமான ஓட்டக்காரிகளை ஜிம் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள்.

அந்த நம்பிக்கை உடைந்த விதத்தில் ஒரு நாடகம் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் பீற்றர் கார்ப்போவிச் என்ற உடற்செயலியல் பேராசிரியர் இருந்தார், பாரம் தூக்கினால் உடம்பு பூட்டிப்போகும் என்று நம்பியவர். 1940இல் அங்கே ஜோன் கிரிமெக் என்ற உடற்கட்டழகரைக் கூட்டி வந்து காட்சி நடத்தினார்கள். முடிவில் கார்ப்போவிச் எழும்பி ஒரு கேள்வி கேட்டார்: உங்களால் உங்கள் முதுகைச் சொறிய முடியுமா? சபை சிரித்தது. கிரிமெக் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் சொறிந்து காட்டினார். பிறகு முழங்காலை மடிக்காமல் குனிந்து நிலத்தைத் தொட்டார், இரண்டு காலையும் முழுதாக விரித்து நிலத்தில் இருந்தார். பேராசிரியருக்கு வெட்கமாகப் போயிருக்க வேண்டும். ஆனால் அவர் செய்தது மெச்சத்தக்கது. தன் நம்பிக்கையைத் தானே சோதித்தார். 1951இல் அவரும் சோர்பாஸ் என்ற மாணவரும் பாரம் தூக்குகிறவர் 300 பேர், தூக்காதவர் 300 பேர் என்று 600 பேரை ஒரு கைப்பிடியைச் சுழற்ற வைத்து நேரம் எடுத்தார்கள். பாரம் தூக்குகிறவர்களின் கைதான் வேகமாகச் சுழன்றது.

இதற்கு நடுவில் ஒரு போரும் வந்து போயிருந்தது. இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டு வந்த சிப்பாய்களால் சிக்காகோவின் இராணுவ மருத்துவமனை நிரம்பிவழிந்தது. முழங்கால் சிகிச்சைக்குப் பிறகு மெல்லிய அசைவுகள் மட்டும்தான் செய்யலாம் என்பது வழக்கம், ஆக்கள் மாதக்கணக்கில் கிடந்தார்கள். தோமஸ் டிலோர்ம் என்ற இளம் இராணுவ மருத்துவர் அதற்கு எதிராகப் போனார். அவரே சின்ன வயதில் நோயில் படுத்து, பாரம் தூக்கித்தான் உடம்பைத் தேற்றியவர். பத்துத் தடவைக்கு மேல் தூக்க முடியாத பாரம் எது என்று பார்த்து, அதைத் தூக்க வைத்து, பலம் கூடக் கூடப் பாரத்தையும் கூட்டினார். 1945இல் அதை எழுதி வெளியிட்டார். இன்றைக்கு எந்த ஜிம்முக்குப் போனாலும் 'மூண்டு செற், பத்து ரெப்' எண்டு சொல்லுவார்களே, அந்த வாய்ப்பாட்டின் பூர்வீகம் காயப்பட்டவர்களின் வார்ட்டில் இருக்கிறது. போர் முடிந்த நாட்டில் வளர்ந்த எங்களுக்கு இதைப் படிக்கும்போது ஓட்டப்போட்டி கொஞ்ச நேரம் மறந்துபோனது.

சோவியத் பக்கத்தில் 1960களில் யூரி வெர்கோஷன்ஸ்கி வேறொரு வழியில் வந்தார். அவர் பாய்ச்சல் வீரர்களின் பயிற்றுவிப்பாளர். முப்பாய்ச்சலில் கால் நிலத்தில் குத்தும் அந்தக் கணத்தில் விழுகிற சுமை, தோளில் பாரம் வைத்துக் குந்தி எழும்பும்போது வருவதை விட மிக அதிகம் என்று கவனித்தார். அப்படியென்றால் உயரத்திலிருந்து குதித்து, நிலம் தொட்ட உடனேயே திரும்பி எழும்பிப் பாய்ந்தால் என்ன? 'அதிர்ச்சி முறை' என்று பெயர் வைத்தார். அமெரிக்கர் பிரெட் வில்ற் 1975இல் இதற்கு பிளையோமெட்ரிக்ஸ் என்று ஒரு சொல் செய்தார், அந்தச் சொல்தான் நிலைத்தது. ஓட்டக்காரருக்கு இரண்டும் வேண்டும். முதல் சில அடிகளில் பாதம் நிலத்தில் சற்று அதிக நேரம் நிற்கும், அங்கே பாரம் தூக்கிச் சேர்த்த பலம் வேலை செய்யும். உச்ச வேகத்தில் பாதம் நிலத்தைத் தொட்டிருப்பது செக்கனில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், அதற்குள் பலத்தைக் கொட்ட அதிர்ச்சி முறை மாதிரியான பழக்கம் வேண்டும். 1972 மூனிக்கில் 100 மீற்றரையும் 200 மீற்றரையும் வென்ற உக்ரேனியர் வலேரி போர்சோவை மேற்குப் பத்திரிகைகள் ஆய்வுகூடத்தில் செய்த மனிதன் என்று எழுதின. பலம் சேர்ப்பதும் அளந்து பயிற்றுவதும் எதிரி முகாமிலிருந்து வந்தால் அது மனிதத்தன்மை இல்லாத காரியமாகிவிடுகிறது.

பென் ஜோன்சனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1988 சியோலில் அவர் 9.79, கார்ல் லூயிஸ் 9.92. ஜோன்சன் வெடிச்சத்தத்துக்கு முதல் பாய்ந்துவிட்டார் என்று இன்றைக்கும் நம்புகிறவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். சத்தம் கேட்டு அசைய ஜோன்சனுக்கு 0.132 செக்கன் எடுத்தது, லூயிஸுக்கு 0.136. வித்தியாசம் ஆயிரத்தில் நாலு, கணக்கெடுக்கவே தேவையில்லை. ஆனால் பத்து மீற்றரில் ஒருவர் 1.83, மற்றவர் 1.89. அந்த இடைவெளி காதால் வந்ததில்லை, காலால் வந்தது. அந்தக் கால் பாரம் தூக்கியும் வளர்ந்தது, ஸ்டனோசலோல் என்ற ஸ்டீரொய்டாலும் வளர்ந்தது. பதக்கத்தைப் பறித்தார்கள். அடுத்த வருடம் கனடாவில் நடந்த டபின் விசாரணையில் பயிற்றுவிப்பாளர் சார்ளி பிரான்சிஸ் எல்லாவற்றையும் திறந்து சொன்னார். அதற்குப் பிறகு தசை என்றாலே ஊசி என்று நினைக்கும் ஒரு பழக்கம் வந்தது. பழைய 'பூட்டிப்போகும்' பயம் போய்ப் புதுப் பயம்.

காதைப் பற்றிச் சொன்னதால் விதியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 0.100 செக்கனுக்கு முதல் அசைந்தால், சத்தத்தைக் கேட்டு ஓடவில்லை, ஊகித்து ஓடினீர்கள் என்று பிழை வைப்பார்கள். முன்பு ஆளுக்கு ஒரு பிழை மன்னிக்கப்பட்டது. 2003இலிருந்து ஒரு ஓட்டத்துக்கு ஒன்று, 2010இலிருந்து எதுவுமில்லை. 2011இல் தென்கொரியாவின் டேகுவில் உசைன் போல்ற்றே வெளியேறினார். 2022இல் டெவோன் அலன், தான் படித்த பல்கலைக்கழகத்தின் மைதானத்தில், உலகக் கிண்ணம் மாதிரியான இறுதிப் போட்டியில், 0.099க்காக வெளியே அனுப்பப்பட்டார். ஆயிரத்தில் ஒன்று! ஒவ்வொரு புளொக்குக்கும் பின்னால் ஏன் ஒலிபெருக்கி வைக்கிறார்கள் என்பதற்கும் இதே கணக்குத்தான். ஒரு பாதை 1.22 மீற்றர் அகலம். முதல் பாதைப் பக்கம் துவக்கு வெடித்தால் எட்டாம் பாதைக்காரருக்குச் சத்தம் போய்ச் சேர ஏறக்குறைய 0.025 செக்கன் பிந்தும். பதக்கங்கள் அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் கைமாறியிருக்கின்றன. 2024 பரிஸில் நோவா லைல்ஸுக்கும் கிஷேன் தொம்சனுக்கும் இடையில் இருந்தது 0.005 மட்டுமே. அந்த லைல்ஸ் 0.178 என்ற மந்தமான அசைவோடு தொடங்கி, முப்பது மீற்றரில் எட்டுப் பேரிலும் கடைசியாக இருந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கம் பெரிய விடயம், ஆனால் மிச்சம் தொண்ணூறு மீற்றர் இருக்கிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு எங்களுக்குள் எழுந்த கேள்வி, இதெல்லாம் பணமுள்ள நாட்டுக்காரருக்கு மட்டும்தானா என்பது. ஜமேக்காவைப் பார்க்கச் சொல்லுவோம். ஸ்டீபன் பிரான்சிஸ் 1999இல் எம்விபி என்ற கழகத்தைத் தொடங்கியபோது அவர்களுக்கு இருந்தது கிங்ஸ்டனில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புல்தரை ஓடுபாதை. அந்தப் புல்லில் பழகிய அசஃபா பவல் 2005இல் 9.77 ஓடி உலக சாதனை வைத்தார். அதே கழகத்தில் வளர்ந்த ஷெலி-ஆன் பிரேசர்-பிரைஸின் உயரம் ஏறக்குறைய 1.52 மீற்றர். எங்கட வகுப்பில் முன் வாங்கில் இருக்கிற உயரம். 2008இலும் 2012இலும் ஒலிம்பிக் 100 மீற்றரை அவர் வென்றது, பெரும்பாலும் மற்றவர்கள் நிமிர முதல் போய்விட்டதால்தான். உயரம் தராததைப் பலமும் தொடக்கமும் தந்தன. எங்களிலும் ஒருவர், யுபுன் அபேகோன், 2022 யூலை 3 அன்று சுவிற்சர்லாந்தில் 9.96 ஓடித் தென்னாசியாவில் பத்துச் செக்கனுக்குள் வந்த முதல் ஆள் ஆனார். அவர் பயிற்சி எடுத்தது இத்தாலியில்.

இங்கே பல பள்ளிக்கூடங்களில் புளொக் இல்லை. இருந்தாலும் ஒரு சோடி இருக்கும், அதுவும் வலயப் போட்டிக்குக் கொண்டு போகவென்று அலுமாரியில் பூட்டி இருக்கும். புல்தரையில் அதன் ஆணி ஒழுங்காக இறங்காது. ஆகவே பெடியள் செய்கிறது இதுதான்: கோட்டிலிருந்து தன் பாதத்தால் இரண்டு அடி அளந்து முன்காலை வைப்பான், மூன்றாவது அடியில் பின்கால். பின்னால் ஒரு கூட்டாளி இருந்துகொண்டு தன் சப்பாத்தைக் குதிக்கு முட்டுக் கொடுப்பான். கூட்டாளி இல்லாத நாளில் சப்பாத்து நுனியால் புல்லைக் கிளறி இரண்டு சின்னக் குழி.